நியூ லனார்க் மில் தொழிலாளர் குடியிருப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்து வருகிற நம் ஆட்கள் எடின்பரோ கோட்டை, ஏரி, மலை என்று பட்டியல் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒரு நாள் மிச்சமிருந்தால் நியூ லனார்க் போங்கள் என்று சொல்வேன். "பழைய மில்லில் பார்க்க என்ன இருக்கிறது?" என்பார்கள். மில்லை விடுங்கள், அந்த வீடுகளைப் பாருங்கள் என்பேன். அதற்குப் பிறகு வழக்கமாக வருகிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இது எங்கே இருக்கிறது? என்ன மாதிரி ஊர்?

கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் லனார்க் என்று ஒரு சின்ன நகரம். அங்கிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கினால் கிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இந்தக் கிராமம். ஆற்றை ஒட்டி நாலைந்து மாடி உயரத்தில் பஞ்சாலைக் கட்டடங்கள், அவற்றுக்குப் பின்னால் மலைச்சரிவில் வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். எல்லாமே ஒரே சாம்பல்பழுப்பு மணற்கல், ஸ்லேட் கல் கூரை. 1786இல் நூற்பு தொடங்கி 1968 வரை மில் ஓடியது. 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இப்போதும் அந்த வீடுகளில் சுமார் 200 பேர் குடியிருக்கிறார்கள். இந்தக் கடைசித் தகவல்தான் எனக்கு முக்கியம்.

தொழிலாளர் நலனுக்காகப் பேர்பெற்ற மில் முதலாளி ராபர்ட் ஓவன் கட்டிய ஊர்தானே?

இல்லை. ஊரில் பாதிக்கும் மேல் அவர் வருவதற்கு முன்பே எழும்பிவிட்டது. கட்டியவர் அவருடைய மாமனார் டேவிட் டேல். சின்ன வயதில் மாடு மேய்த்து, நெசவு பழகி, பிறகு கிளாஸ்கோவில் நூல் வியாபாரியாகி, வங்கி முகவராகவும் ஆனவர். நீர்விசையால் ஓடும் நூற்பு இயந்திரத்தைப் பிரபலமாக்கிய ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1784இல் ஸ்காட்லாந்து வந்தபோது, டேல் அவரைக் கூட்டிப்போய் இந்த இடத்தைக் காட்டினார். கூட்டாகத் தொடங்கினார்கள், சீக்கிரமே ஆர்க்ரைட் விலகிவிட்டார், டேல் தனியாக நடத்தினார்.

ஓவன் வேல்ஸ்காரர். மான்செஸ்டரில் மில் மேலாளராக இருந்தவர். 1799இல் டேலின் மகள் கேரலைனைக் கல்யாணம் செய்துகொண்டார், அதே காலத்தில் அவரும் பங்காளிகளும் சேர்ந்து மில்லை 60,000 பவுண்டுக்குப் பேசி முடித்தார்கள், 20 வருடத் தவணை. 1800 ஜனவரி முதல் தேதி நிர்வாகத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 28. வரிசை வீடுகளில் பெரும்பாலானவை அப்போதே இருந்தன. ஓவன் காலத்தில் சேர்ந்தவை 1809இன் நர்சரி கட்டடம், 1813 வாக்கில் வந்த ஊர்க்கடை, 1816இல் திறந்த கல்விக்கூடம், அடுத்த வருடம் வந்த பள்ளிக்கூடம் ஆகியவை. பேர் மருமகனுக்கு, கல்லும் சுண்ணாம்பும் மாமனாருடையது. போர்டுகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பள்ளத்தில் போய் ஏன் ஊர் கட்டினார்கள்?

தண்ணீருக்காக. நீராவி எஞ்சின் மில்களுக்குள் பரவலாக வராத காலம் அது. கிளைட் ஆறு அந்த இடத்தில் கோரா லின், பானிங்டன் லின் என்று அடுக்கடுக்காக அருவிகளாக விழுகிறது. மேலே தடுத்து, பாறையைக் குடைந்து, வாய்க்காலாகக் கொண்டுவந்து சக்கரத்தில் விட்டால் இயந்திரம் ஓடும். ஆனால் அருவி இருக்கிற இடத்தில் ஆள் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மில் வேலை என்றாலே அருவருப்பு. நிலத்தையும் தறியையும் நம்பி, விரும்பிய நேரத்துக்கு எழுந்து வேலை செய்து பழகியவர்கள் மணியடித்தால் உள்ளே போய் மணியடித்தால் வெளியே வருகிற பிழைப்புக்குச் சம்மதிப்பார்களா? அப்போ ஆளை வெளியூரிலிருந்துதான் கொண்டுவர வேண்டும், வந்தவர்களுக்கு வீடு வேண்டும். வீடு இங்கே கருணையாக முளைக்கவில்லை, இயந்திரத்தைப் போலவே அதுவும் மில்லுக்குத் தேவையான ஒரு சாமான். இதை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

அப்படிக் குடிவந்தவர்கள் யார்?

பெரும்பாலும் வடக்கே ஹைலாந்து மலைநாட்டிலிருந்து, வாழ வழியில்லாமல் கிளம்பிய குடும்பங்கள். 1791இல் ஸ்கை தீவிலிருந்து சுமார் 400 பேர் அமெரிக்காவின் வட கரோலைனாவுக்குக் கப்பல் ஏறினார்கள். புயலில் சிக்கிய கப்பல் கிளைட் முகத்துவாரத்தில் உள்ள கிரீனக் துறைமுகத்துக்கே வந்து சேர்ந்தது. டேல் ஆளனுப்பி, வேலையும் வீடும் தருகிறேன் என்றார். நூறு பேர் அளவுக்கு ஒத்துக்கொண்டு நியூ லனார்க்கில் தங்கினார்கள். அதே காலத்தில் ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள கேத்னஸ் பகுதியிலிருந்தும் ஆட்களைக் கூட்டிவந்தார். இன்றும் ஒரு வரிசைக்கு கேத்னஸ் வரிசை என்றே பெயர். இவர்களில் நிறையப் பேர் மலைநாட்டு மொழியான கேலிக் மட்டுமே பேசியவர்கள்.

இன்னொரு கூட்டம், எடின்பரோ, கிளாஸ்கோ அநாதை விடுதிகளிலிருந்து வந்த பிள்ளைகள். 1793 கணக்கில் வேலை செய்த 1,150 பேர் சொச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிறுவர் சிறுமிகள். இதில் பெற்றோரோடு வந்த பிள்ளைகளும் சேர்த்தி. ஆளில்லாத பிள்ளைகள் தொடக்கத்தில் தங்கியது வீட்டில்கூட இல்லை, நாலாம் மில்லின் ஒரு பகுதியில். ஒரு படுக்கைக்கு மூன்று பேர், வைக்கோல் திணித்த மெத்தை, காலை 6 மணிக்கு வேலை, சாயங்காலம் 7 மணிக்கு விட்டு அதன்பிறகு இரண்டு மணி நேரம் பாடம். சாப்பாடு ஓட்ஸ் கஞ்சியும் பாலும், மத்தியானம் பார்லி சூப். அறைகளுக்கு வருடத்துக்கு இரண்டு முறை வெள்ளையடித்தார்கள். அந்தக் காலத்து மற்ற மில்களோடு ஒப்பிட்டால் இது நல்ல நிலைமை, அதற்காக டேலைப் புகழ்ந்தே எழுதியிருக்கிறார்கள். சாப்பாட்டு இடைவேளை போகப் பதினொன்றரை மணி நேரம் நூலுக்கு நடுவே நின்ற ஏழு வயதுப் பிள்ளை அதற்குப் பிறகு எந்தப் பாடத்தைப் படித்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஓவன் வந்த பிறகு அநாதைப் பிள்ளைகளை எடுப்பதையும், பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைப்பதையும் படிப்படியாக நிறுத்தினார்.

ஒரு வீடு எவ்வளவு பெரிது?

ஒரு அறை. ஒரு குடும்பத்துக்கு ஒரே அறை, அவ்வளவுதான். வசதியிருந்தால் இரண்டு. வெளியே நின்று அண்ணாந்து பார்க்கும்போது மூன்று நாலு மாடிக் கல் கட்டடம் கம்பீரமாக இருக்கும், பணக்காரர் வீடு மாதிரி. உள்ளே போனால்தான் அது பலர் ஒட்டுக்குடித்தனம் இருந்த இடம் என்று தெரியும். பொதுப் படிக்கட்டு, ஒவ்வொரு தளத்திலும் இரண்டு பக்கமும் கதவுகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம்.

1820களில் இருந்த மாதிரி ஒரு அறையைச் சாமானோடு அமைத்து வைத்திருக்கிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள். கதவைத் திறந்ததும் நேரே கணப்பு. சமையல், குளிர்காய்வது, துணி உலர்த்துவது எல்லாம் அந்த ஒரு நெருப்பில்தான். பக்கச்சுவரில் அலமாரி மாதிரி ஒரு குழிவு, அதற்குள் பலகை அடித்து மெத்தை போட்டால் அதுதான் அப்பா அம்மா படுக்கை. முன்னால் ஒரு திரையை இழுத்து விட்டால் அதுவே படுக்கையறை. அந்தக் கட்டிலுக்கு அடியிலிருந்து ராத்திரி ஒரு தாழ்வான கட்டிலை வெளியே இழுப்பார்கள், அதற்கு அடியில் சின்னச் சக்கரம் இருக்கும். பிள்ளைகள் எல்லாரும் அதில் நெருக்கிப் படுக்க வேண்டியதுதான். காலையில் உள்ளே தள்ளினால் தரை மறுபடி கூடம் ஆகிவிடும். அந்தக் குழிவின் உயரத்தைக் கவனியுங்கள், உட்கார்ந்தால் தலை இடிக்கும். அதற்குள்தான் பிரசவமும் நடந்தது, நோயாளியும் கிடந்தார், சாவும் வந்தது, அத்தனையும் மற்றவர்கள் அதே அறையில் சாப்பிட்டுக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருக்கும்போது.

தண்ணீர், கழிப்பறை, விளக்கு?

தண்ணீர் வெளியே போய்த் தூக்கி வர வேண்டும். கழிப்பறை வெளியே, பொது. இது ஏதோ 1800களின் ஆரம்பத்துக் கதை என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குள் குழாயும் கட்டடத்துக்குள் கழிப்பறையும் வந்தது 1933இல்தான். அதுவும் பச்சைத் தண்ணீர்க் குழாய். யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற, உலகமே முன்மாதிரி என்று கொண்டாடிய ஊரில், 130 வருடத்துக்கும் மேல் ஒரு அம்மா நடு ராத்திரியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்காட்லாந்துக் குளிரில் படி இறங்கியிருக்கிறாள். 1930களின் வீடு ஒன்றையும் பக்கத்திலேயே அமைத்திருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், நூறு வருடத்தில் மாறியதைவிட மாறாததுதான் கண்ணில் படும்.

மின்சாரம் ஒரு சுவையான கதை. மில்லின் டர்பைனிலிருந்து வீடுகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தார்கள். ஆனால் அறைக்கு ஒரு மங்கல் பல்பு, அவ்வளவுதான். ராத்திரி 10 மணிக்கு நிறுத்திவிடுவார்கள், சனிக்கிழமை மட்டும் 11 மணி வரை. 1955இல் தேசிய மின்கட்டமைப்போடு இணைத்த பிறகுதான் அவரவர் விளக்கை அவரவரே அணைக்கிற உரிமை வந்தது. முதலாளி வீட்டில் குடியிருப்பது என்றால் இதுதான், தூங்கும் நேரமும் அவர் கையில்.

ஓவன் வீடுகளுக்கு என்னதான் செய்தார்?

அவர் வந்தபோது வீட்டு வாசலிலேயே சாணிக்குவியலும் குப்பைமேடும் இருந்தன. அவற்றை அள்ளினார், தெருவைக் கூட்ட ஏற்பாடு செய்தார், விதிகள் எழுதி வைத்தார். வாரம் ஒரு முறை வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும், வருடம் ஒரு முறை வெள்ளையடிக்க வேண்டும், பொதுப் படிக்கட்டைக் குடித்தனக்காரர்கள் முறை வைத்துக் கழுவ வேண்டும், சாம்பலையும் அழுக்குத் தண்ணீரையும் தெருவில் கொட்டக் கூடாது, மாடு, பன்றி, கோழி, நாய் எதையும் வீட்டில் வைக்கக் கூடாது. குளிர்காலத்தில் ராத்திரி பத்தரைக்கு மேல் அனுமதியில்லாமல் வெளியே நடமாடக் கூடாது.

எழுதி வைத்தால் போதுமா? வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஒரு குழு போட்டார். பெண்கள் கொதித்துப் போனார்கள். வந்தவர்களுக்கு "மூட்டைப்பூச்சி வேட்டைக்காரர்கள்" என்று பெயர் வைத்து, சிலர் கதவையே சாத்திவிட்டார்கள். நாள் முழுக்க மில்லில் நின்றுவிட்டு வருகிறவள் வீட்டுக்குள் வந்து ஒருவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் கோபம் வராதா, எனக்கு அந்தப் பெண்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. அதே சமயம், ஒரு அறைக்கு ஏழெட்டுப் பேர் அடைந்து கிடந்த ஊரில் அந்தச் சுத்தம் காய்ச்சல் பரவாமல் காப்பாற்றியிருக்கும் என்பதையும் மறுக்க மாட்டேன்.

வீட்டுக்கு வெளியே அவர் செய்ததுதான் பெரிது. ஊர்க்கடையில் மொத்தமாக வாங்கிய நல்ல சரக்கைக் கிட்டத்தட்ட அடக்க விலைக்கு விற்றார், கிடைத்த லாபம் பள்ளிக்கூடத்துக்குப் போனது. அதற்கு முன்பு தனியார் கடைக்காரர்கள் கலப்படச் சரக்கைக் கடனுக்குக் கொடுத்துக் கறந்துகொண்டிருந்தார்கள். கூலியில் அறுபதில் ஒரு பங்கைப் பிடித்து நோய்க்கால நிதி வைத்தார். 1816 வாக்கில் வேலை நேரம் சாப்பாட்டு இடைவேளை போகப் பத்தே முக்கால் மணியாகக் குறைந்தது. அதே வருடம் தொடங்கிய சிறுபிள்ளைகள் பள்ளியில் அடி கிடையாது, பாட்டும் ஆட்டமும் படம் காட்டிப் பாடமும் உண்டு. நடக்கத் தெரிந்த பிள்ளையை அங்கே விட்டுவிட்டுத் தாய் வேலைக்குப் போகலாம். ஒற்றை அறை வீட்டில் குடியிருப்பவளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை!

அப்போ தொழிலாளர்கள் அவரை நம்பினார்களா?

முதல் சில வருடம் நம்பவில்லை. தெற்கிலிருந்து வந்த அந்நியர், வேலையைக் கசக்கிப் பிழியத்தான் இந்த நாடகம் என்றே நினைத்தார்கள். 1807 கடைசியில் அமெரிக்கா ஏற்றுமதியை நிறுத்தியது, பஞ்சும் வரவில்லை. மில்லை ஓட்ட முடியவில்லை. மற்ற முதலாளிகள் ஆளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓவன் இயந்திரங்களைத் துடைத்து வைக்கச் சொல்லி நாலு மாதம் முழுக் கூலி கொடுத்தார், 7,000 பவுண்டுக்கு மேல் செலவு. அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்டார்கள். பேச்சைப் பார்த்து வராத நம்பிக்கை சம்பளத்தைப் பார்த்து வந்தது, அதில் தப்பேதும் இல்லை.

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. வேலை போனால் வீடும் போகும். மில்லில் ஒவ்வொருவர் தலைக்கு மேலேயும் கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்று நாலு பக்கம் நிறம் பூசிய ஒரு மரக்கட்டையைத் தொங்கவிட்டு, முந்தின நாள் வேலை எப்படி என்று அதைத் திருப்பிக் காட்டினார்கள். கறுப்பு என்றால் மோசம். அடிக்கவில்லை, திட்டவில்லை, உண்மைதான். ஆனால் மில்லில் கட்டை, வீட்டில் சோதனைக் குழு, தெருவில் ராத்திரி நேரக் கட்டுப்பாடு என்று இருந்தால் ஒருவருக்கு ஒதுங்க எங்கே இடம்? ஓவனை நல்லவர் என்றே நினைக்கிறேன், ஆனால் நான் அவருக்குக் குடித்தனக்காரராக இருக்க விரும்பியிருக்க மாட்டேன்.

பஞ்சு எங்கிருந்து வந்தது?

கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவின் தெற்கிலும் இருந்து, அதாவது அடிமைகள் பறித்த பஞ்சு. டேல் கிளாஸ்கோவில் அடிமை வியாபாரத்துக்கு எதிராகப் பொதுவில் நின்றவர், அதே டேலின் மில் அந்தப் பஞ்சில்தான் ஓடியது. இந்த வீடுகளின் கதையைக் கணப்போடும் கட்டிலோடும் நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

மில் மூடிய பிறகு வீடுகள் எப்படித் தப்பின?

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஓவன் 1825இல் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்று புது ஊர் அமைக்கப் போய்விட்டார். பிறகு வாக்கர் குடும்பம், 1881க்குப் பின் கூரக் கயிற்று நிறுவனத்தின் முதலாளிகள் என்று கை மாறி, வலையும் கயிறும் கேன்வாஸ் துணியும் செய்து 1968 வரை ஓட்டினார்கள். மில் மூடுவதற்கு முன்பே வீடுகள் காலியாகத் தொடங்கிவிட்டன. யாருக்கு இஷ்டம், ஒற்றை அறையில் இருக்க? லனார்க்கில் மேலே புது வீடுகள் கட்டினால் அங்கே போகத்தானே செய்வார்கள்.

ஊரை மொத்தமாக இடித்துவிடலாம் என்ற பேச்சும் இருந்தது. அப்போது முதலில் காப்பாற்ற முயன்றது மில்லை அல்ல, வீடுகளை. 1963இல் நியூ லனார்க் சங்கம் என்று ஒரு வீட்டுவசதி அமைப்பு தொடங்கி, கேத்னஸ் வரிசையையும் நர்சரி கட்டடத்தையும் திருத்தி வாடகைக்கு விட்டார்கள். அதற்குள் 1970இல் மில் கட்டடங்கள் பழைய உலோகம் பிரித்தெடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. ஒரு பக்கம் திருத்திய வீட்டில் ஜன்னலுக்குத் திரை போட்டுக் குடியிருப்பு, எதிரே பழைய இரும்புக் குவியல். 1974இல் பாதுகாப்பு அறக்கட்டளை அமைந்தது. 1983இல் கட்டாயக் கையகப்படுத்தல் உத்தரவு போட்டுத்தான் மில்களை மீட்க முடிந்தது. ஆக, முதல் வரிசை வீட்டைத் திருத்தியதற்கும் மில் கைக்கு வந்ததற்கும் நடுவே இருபது வருடம் போல இடைவெளி. அந்த இடைவெளியில் ஊரை ஊராக வைத்திருந்தது குடியிருந்தவர்கள்தான். மில் மட்டும் தப்பி வீடுகள் விழுந்திருந்தால், இன்று அது ஒரு அருங்காட்சியகமும் கார் நிறுத்துமிடமுமாக இருந்திருக்கும்.

வீடுகளை உள்ளே அப்படியே வைத்திருக்கிறார்களா?

வைக்க முடியாது. ஒற்றை அறைக்கு இன்று யார் குடிவருவார்? நடுச்சுவர்களைத் திறந்து, பல அறைகளைச் சேர்த்து ஒரு வீடாக்கி, குளியலறை, சமையலறை எல்லாம் போட்டார்கள். பிராக்ஸ்ஃபீல்ட் வரிசையில் பழைய ஒட்டுக்குடித்தனக் கட்டடம் இப்போது மேலிருந்து கீழ்வரை பிரிந்த பத்துச் சொந்த வீடுகள். நெடுவரிசையில் பதினாலு வீடுகள். கல்சுவர், ஜன்னல் அளவு, கூரை எல்லாம் பழையபடி, உள்ளே இன்றைய வாழ்க்கை. தூய்மைவாதிகள் சிலர் இதைக் குறை சொல்வார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது, ஏனென்றால் தொழிலாளர் வீட்டுக்குச் செய்யக்கூடிய மரியாதை அதில் மறுபடி ஒருவர் சமைப்பதுதான்.

விதிவிலக்கு, இரட்டை வரிசை. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய கட்டடம், ஒரு பக்கம் தெரு, மறுபக்கம் ஆறு. நெடுங்காலம் கூரை ஒழுகிப் பாழாகக் கிடந்ததால் உள்ளே யாரும் கை வைக்கவில்லை. அதனாலேயே பழைய குழிவுக் கட்டில்கள் அங்கே தப்பிப் பிழைத்தன. மற்ற வரிசைகள் முடிந்து வெகுகாலம் கழித்துத்தான் அதைச் சரிசெய்யத் தொடங்கினார்கள்.

அங்கே இப்போது யார் இருக்கிறார்கள்? வீடு வாங்க முடியுமா?

இருபது வீடுகள் போலச் சொந்தக்காரர்களிடம், நாற்பது சொச்சம் வாடகைக்கு. வாடகை வீடுகளைக் கவனித்த பழைய சங்கம் பணம் கட்டுப்படியாகாமல் 2009 வாக்கில் கலைந்து, பொறுப்பு அறக்கட்டளையிடம் போனது. எப்போதாவது ஒரு வீடு விற்பனைக்கு வரும். வாங்குகிறவர்கள் கட்டுப்பாடுகளைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். வெளியே டிவி ஆன்டெனா, டிஷ் எதுவும் கூடாது, வயர்கள் எல்லாம் மண்ணுக்கு அடியில், வெளி மரவேலைக்கு வெள்ளைப் பெயின்ட், கதவும் ஜன்னலும் ஒரே மாதிரி. நாய் வளர்க்கக் கூடாது என்ற விதியும் வெகுகாலம் இருந்தது, இப்போது யாரும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. இத்தனைக்கும் மேல், ஜன்னலைத் திறந்தால் சுற்றுலாப் பயணி கேமராவோடு நிற்பார். வருடத்துக்கு லட்சக்கணக்கில் வருகிறார்கள். இதைத் தாங்கிக்கொண்டு இருப்பவர்களுக்கு ஒரு கும்பிடு.

சால்டேர், லோவெல் எல்லாம் இதே மாதிரிதானா?

இல்லை. இங்கிலாந்தில் சால்டேரை மில் முதலாளி டைட்டஸ் சால்ட் 1850களில் தொடங்கி ஒரே திட்டமாகக் கட்டினார், எண்ணூறு சொச்சம் வீடுகள். அது ரயிலும் நீராவியும் வந்த காலம், அங்கே நேர்கோட்டுத் தெருக்கள், தெருவுக்குத் தன் பிள்ளைகளின் பெயர்கள், மேற்பார்வையாளருக்குப் பெரிய வீடு, தொழிலாளிக்குச் சின்ன வீடு. அது சாதாரண ஊராகவே இன்றும் நடக்கிறது. இங்கிலாந்திலேயே ஸ்டையல் என்ற ஊரில் சாமுவேல் கிரெக்கின் மில், பயிற்சிப் பிள்ளைகள் தங்கிய தனி வீட்டோடு இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் கதையை நெருக்கமாகப் பார்க்க அதுதான் இடம். அமெரிக்காவின் லோவெல் முற்றிலும் வேறு, குடும்பங்களுக்குப் பதிலாகக் கல்யாணமாகாத விவசாயக் குடும்பத்துப் பெண்களைக் கூட்டிவந்து, ஒரு விடுதிக்காரம்மாவின் கண்காணிப்பில் தங்கவைத்தார்கள்.

நம்ம மதுரையில் மில் தொழிலாளர் காலனியாக வந்த ஹார்விபட்டிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாக இல்லை. ஆனால் ஒரு நூலிழை உண்டு. மதுரா மில்ஸைத் தொடங்கிய ஹார்வி சகோதரர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள், அந்த மில் 1974இல் சேர்ந்துகொண்ட கோட்ஸ் நிறுவனத்தின் சொந்த ஊர் கிளாஸ்கோவுக்குப் பக்கத்து பெய்ஸ்லி. மில் தொழிலாளர்களுக்குக் காலனி கட்டும் பழக்கம் அவர்களுக்குப் புதிதில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

போனால் எந்த வரிசையில் பார்ப்பது?

கிளாஸ்கோ சென்ட்ரலிலிருந்து லனார்க்குக்கு நேரடி ரயில், ஒரு மணி நேரத்துக்குள். அங்கிருந்து அரை மணி நடை, அல்லது உள்ளூர் பஸ். காரில் போனால் மேலேயே நிறுத்திவிட்டு இறங்க வேண்டும், அதுவே நல்லது, ஏனென்றால் மேலிருந்து பார்க்கும்போதுதான் மொத்த ஊரும் ஒரே பார்வையில் விழும். முதலில் நியூ பில்டிங்ஸ் கட்டடத்தைத் தேடுங்கள், 1798இல் கட்டியது, உச்சியில் மணிக்கூண்டு. முன்பு ஆட்களை வேலைக்கு எழுப்பிய மணி அது, முதலில் ஒன்றாம் மில்லின் மேல் இருந்தது. இப்போது புத்தாண்டு நள்ளிரவில் மட்டும் அடிக்கிறார்கள்.

அப்புறம் தொழிலாளர் வீட்டு அறைகள், ஊர்க்கடை, அதன்பிறகு பள்ளிக்கூடம். ஓவன் குடியிருந்த வீட்டையும் எட்டிப்பாருங்கள், அரண்மனை இல்லைதான், ஆனால் ஒரு குடும்பத்துக்கு எத்தனை அறை என்று மட்டும் எண்ணுங்கள். மில்லுக்கு உள்ளே பழைய நூற்பு இயந்திரம் ஒன்று இன்றும் கம்பளி நூல் நூற்கிறது, பின்னல் போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் அங்கே இருக்கிற கடையில் நேரம் போவதே தெரியாது. தங்க வேண்டுமென்றால் ஒன்றாம் மில்லே இப்போது ஹோட்டல்.

வயதானவர்களை, சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

பிள்ளைகளைத் தாராளமாக. இழுக்கும் கட்டிலை விட்டு நகர மாட்டார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த இறக்கம் சிரமம், இறங்குவதைவிடத் திரும்பி ஏறுவது, அதனால் பஸ்ஸில் கீழே வரை போய்விடுங்கள். தெம்பிருப்பவர்கள் ஊரைத் தாண்டி ஆற்றோரமாகவே மேலே நடந்தால் கோரா லின் அருவி வரும். 1927இல் கட்டிய நீர்மின் நிலையம் ஆற்றுத் தண்ணீரில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால் வறண்ட கோடையில் அருவி இளைத்திருக்கும், மழை பெய்த மறுநாள் போவது நல்லது. பாதை சேறாக இருக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.